ஒரு வரியில் கடந்துவந்த புறச்செவி

(நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவியர் சங்கம் நடத்திய ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாவில் மருத்துவர் ஒருவரும் பேசவேண்டும் என்று செயலாளர் அக்கா தொலைபேசியில் கேட்டபோது, சீனி வருத்தம், பிரஷர், கொலஸ்ட்ரோல் என்ற மூன்றில் ஒன்றைத்தான் எதிர்பார்த்திருப்பார். நான் புறச்செவியைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "பிள்ளை, அதிலை அரை மணித்தியாலம் கதைக்க என்ன கிடக்கு?" என்றார்.

நியாயமான கேள்விதான். சாதாரண தரத்தில் நாங்கள் எல்லோரும் காதின் படத்தைக் கீறிப் பெயரிட்டோம். மின்சாரம் இல்லாத காலத்தில் ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் சம்மட்டியுரு, பட்டடையுரு, ஏந்தியுரு என்று பாடமாக்கியவர்கள் இந்த மண்டபத்தில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். நத்தைச்சுருள் வரைக்கும் விழுந்தடித்து ஓடிப்போனோம். புறச்செவிக்குக் கிடைத்தது ஒரே ஒரு வரி: "செவிச்சோணை ஒலியலைகளைச் சேகரிக்கும்." அதற்கு ஒரு புள்ளி. அந்த ஒரு வரியைத்தான் இன்றைக்குக் கொஞ்சம் விரித்துச் சொல்லப்போகிறேன். காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் வேலை செய்யும் எனக்கு, காதுக்காக வருகிற நோயாளரில் பெரும் பகுதியினரைக் கொண்டுவந்து சேர்ப்பது இந்தப் புறச்செவிதான். அவர்களில் பலர் வீட்டிலேயே தவிர்த்திருக்கக்கூடிய வருத்தங்களோடு வருகிறார்கள்.

முதலில் எல்லோரும் உங்கள் காதை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். வெளியே சுருண்டு ஓடும் விளிம்பு. அதற்கு உள்ளே இன்னொரு மேடு. நடுவில் ஒரு கிண்ணம். கிண்ணத்தின் அடியில் துவாரம். துவாரத்துக்கு முன்னால் கதவுபோல ஒரு சின்ன மடல்; அதை முன்மடல் என்று வைத்துக்கொள்வோம், பின்னாலும் அதைப் பற்றிச் சொல்லவேண்டி வரும். கீழே மெத்தென்று தொங்குவது காதுச் சோணை. இப்போது மேல்காதை மடித்துப் பாருங்கள், விட்டவுடன் பழையபடி நிமிரும். அது கசியிழையம். சோணையை மடித்தால் அப்படி நிமிராது. அங்கே கசியிழையம் இல்லை. கொழுப்பும் நாரிழையமும் தோலும் மட்டும்தான்.

இந்த வித்தியாசம் சின்னதல்ல. கசியிழையத்துக்கு என்று சொந்தமாக இரத்தக் குழாய்கள் கிடையாது. அதைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையிலிருந்துதான் அதற்கு உணவு கசிந்து போகவேண்டும். உறை ஒட்டியிருக்கும்வரை உயிர். உறை பிரிந்தால் பட்டினி. எங்கள் முன்னோர் பிள்ளைக்குக் காது குத்துவதற்குச் சோணையைத் தெரிந்தெடுத்தது எந்தக் காரணத்தாலோ தெரியாது, ஆனால் மருத்துவக் கண்ணால் பார்த்தால் அதைவிட நல்ல இடம் காதில் இல்லை. இரத்தோட்டம் நிறைய, ஆறுவது சுகம்.

பழைய படங்களில் மேல்காதிலும் நகை போட்ட பெண்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த வழக்கம் நடுவில் குறைந்துபோய், இப்போது ரொரன்ரோவிலும் லண்டனிலும் வளரும் எங்கள் பெறாமக்களிடம் திரும்பி வந்திருக்கிறது. குத்தவேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். சொன்னாலும் கேட்கமாட்டார்கள். ஆனால் மேல்காதைத் துவக்குப்போன்ற கருவியால் அடித்துக் குத்தக் கூடாது. அது கசியிழையத்தை நசுக்கிவிடும். பயிற்சி பெற்றவரிடம், கிருமி நீக்கிய புதிய ஊசியால் குத்தட்டும். குத்திய பிறகு மேல்காது சிவந்து, வீங்கி, தொட முடியாமல் நொந்தால், அதேநேரம் கீழே சோணை மட்டும் சாதாரணமாக இருந்தால், அது உறையில் கிருமி பிடித்ததன் அடையாளம். கசியிழையம் இல்லாதபடியால்தான் சோணை தப்பி நிற்கிறது. மஞ்சள் பூசிப் பார்ப்பதும் இணையத்தில் தேடிப் பார்ப்பதும் வேண்டாம். அன்றைக்கே டொக்டரிடம் போகவேண்டும். பிந்தினால் கசியிழையம் கரைந்து காது சுருங்கிப்போகும், பழைய வடிவத்துக்குக் கொண்டுவருவது மிகக் கடினம். குத்துச்சண்டை வீரரின் காது பூக்கோவாப்போல இருப்பதும் இதே காரணத்தால்தான். அடிபட்டு உறைக்கும் கசியிழையத்துக்கும் இடையில் இரத்தம் தேங்கி, அதை எடுக்காமல் விட்டதன் விளைவு அது. வலைப்பந்து விளையாடி முழங்கை பட்ட பிள்ளைக்கும் அப்படி வரலாம். காது பொம்மினால் ஓரிரு நாளுக்குள் அந்த இரத்தத்தை எடுத்துவிடவேண்டும்.

சோணைக்கு வேறு பிரச்சினை. பாரமான தோட்டால் துளை நீண்டு, கடைசியில் கைப்பிள்ளை இழுத்து அறுந்துபோன காதுகளை நிறையத் தைத்திருக்கிறேன். விறைப்பு ஊசி போட்டுச் செய்கிற சின்ன வேலை. பிறகு சில மாதம் கழித்துத் தழும்புக்குப் பக்கத்தில் புதிதாகக் குத்திக்கொள்ளலாம். அறுந்த காதை மறைக்கத் தலைமயிரை இழுத்துவிட்டுக்கொண்டு இருபது வருடம் சபை சந்திக்குப் போய்வந்த அம்மா ஒருவரைச் சந்தித்தேன். அரை மணித்தியால வேலை இது என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை.

சரி, இந்த மடிப்புகள் எதற்கு? வேலிக்குப் பக்கத்தில் கட்டியிருக்கும் பசுவைப் பாருங்கள், சத்தம் வரும் பக்கம் காதைத் திருப்பும். எங்களுக்கும் காதைத் திருப்பும் தசைகள் மூன்று இருக்கின்றன, ஆனால் அவை ஏறக்குறையப் பென்சன் எடுத்துவிட்டன. வகுப்பில் காதை ஆட்டிக் காட்டி எல்லோரையும் சிரிக்கவைத்த தோழி ஒருத்தி ஒவ்வொரு வகுப்பிலும் இருந்திருப்பாள். அவளிடம் மட்டும் அவை கொஞ்சம் மிச்சம். ஆகவே சேகரிப்பது மட்டும்தான் வேலை என்றால், இவ்வளவு சுருக்கமும் மடிப்பும் தேவையில்லை, ஒரு புனல் போதும்.

சத்தம் இடமா வலமா என்பதை மூளை இரண்டு காதையும் ஒப்பிட்டு அறிகிறது. ஒரு காதுக்கு முந்தி வந்து மற்றதற்குப் பிந்துகிற நேரம், ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதை மூளை கணக்கெடுத்துவிடுகிறது. ஆனால் நேர் முன்னாலோ, பின்னாலோ, தலைக்கு மேலேயோ இருந்து வரும் சத்தம் இரண்டு காதுக்கும் ஒரே நேரத்தில்தான் வரும். அப்படியிருக்க, மாமரத்தில் கூவும் குயில் மேலே இருக்கிறது என்று எப்படித் தெரிகிறது? அங்கேதான் இந்த மடிப்புகள் வேலை செய்கின்றன. வருகிற திசைக்கு ஏற்றபடி சத்தத்தின் சில சுருதிகளைக் கூட்டியும் சிலவற்றைக் குறைத்தும் உள்ளே அனுப்புகின்றன. அந்தச் சின்ன மாற்றத்தை மூளை வாசித்து, இது மேலே, இது பின்னாலே என்று சொல்கிறது.

நெதர்லாந்தின் நைமேகன் பல்கலைக்கழகத்தில் செய்து 1998இல் வெளியிட்ட ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. சிலருடைய காதுக் கிண்ணத்தில், துவாரத்தை அடைக்காமல், ஒரு வார்ப்பைப் பொருத்தி மடிப்புகளின் வடிவத்தை மாற்றினார்கள். கேட்கும் சக்தி குறையவில்லை. இடமா வலமா என்பதும் தெரிந்தது. ஆனால் சத்தம் மேலேயா கீழேயா என்பது குழம்பிப்போனது. வார்ப்போடேயே அன்றாட வேலைகளைச் செய்துவந்தார்கள். சில வாரங்களில் மூளை புதிய காதைப் பழகிக்கொண்டது. வார்ப்பைக் கழற்றியபோது பழைய காதையும் அது மறந்திருக்கவில்லை. புது மொழி படித்தவர் தாய்மொழியை மறக்காததுபோல. விரலடையாளம்போல ஒவ்வொருவரின் செவிச்சோணையும் வேறு. அவரவர் மூளை அவரவர் காதைப் படித்து வைத்திருக்கிறது. தொண்ணூறுகளில் இங்கே படித்தவர்களுக்கு, விமானச் சத்தம் கேட்டவுடன் எந்தத் திசை, எவ்வளவு உயரம் என்று பார்க்காமலே சொல்லத் தெரிந்திருந்தது. அந்தப் படிப்பில் இந்த மடிப்புகளுக்கும் பங்கு உண்டு.

அடுத்து புறச்செவிக் கால்வாய். வளர்ந்தவருக்கு ஏறக்குறைய 2.5 சென்ரிமீற்றர் நீளம், நேராக இல்லாமல் கொஞ்சம் வளைந்து போகும். முடிவில் செவிப்பறை மென்சவ்வு: குறுக்களவு 1 சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவு, தடிப்பு ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு. ஒரு பக்கம் மூடிய குழாய் ஒவ்வொன்றுக்கும் அதன் நீளத்துக்கேற்ற ஒரு சுருதி உண்டு. வெறும் போத்தலின் வாயில் ஊதினால் கேட்கிறதே, அதுபோல. காதுக் கால்வாயின் சுருதி ஏறக்குறைய 3000 ஹேர்ட்ஸ். அந்த அளவில் வரும் சத்தத்தைக் கால்வாயும் கிண்ணமுமாகச் சேர்ந்து 10 டெசிபலுக்கு மேல் கூட்டிக் கொடுக்கின்றன. பற்றறி இல்லாத ஒலிபெருக்கி.

அந்த அளவு ஏன் முக்கியம்? பேச்சின் உரம் உயிரோசையில் இருக்கிறது, ஆனால் சொல்லைச் சொல்லிலிருந்து பிரிப்பது பெரும்பாலும் மெய்யோசை. கட்டை, சட்டை, தட்டை, பட்டை: நான்கையும் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். முதல் மெய் காதில் விழாவிட்டால் நான்கும் ஒன்றுதான். அந்த மெல்லிய ஓசைகள் உயர்ந்த சுருதிப் பக்கம்தான் இருக்கின்றன. வயது போகும்போது முதலில் மங்குவதும் அந்தப் பக்கம்தான். "சத்தம் கேட்குது பிள்ளை, கதைக்கிறதுதான் விளங்கேல்லை" என்று உங்கள் அம்மா சொன்னால், அவர் மிகச் சரியாகத் தன் வருத்தத்தைச் சொல்கிறார். அவரிடம் கத்திக் கதைப்பதில் பயனில்லை. கத்தினால் உயிரோசைதான் பெருக்கும். முன்னால் வந்து, முகம் தெரிய, ஆறுதலாகக் கதைக்கவேண்டும்.

இப்போது நீங்கள் கேட்கக் காத்திருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். காதூத்தை.

அந்தப் பெயரே பிழை என்பது என் கட்சி. ஊத்தை என்றால் அகற்றவேண்டியது. குறும்பி என்ற சொல் நல்லது, அதில் பழி இல்லை. கால்வாயின் வெளிப்பக்க மூன்றில் ஒரு பங்கு கசியிழையத்தால் ஆனது; அங்கேதான் மயிரும் சுரப்பிகளும் உண்டு. குறும்பி உண்டாவது அங்கே மட்டும். உள்ளே உள்ள மூன்றில் இரண்டு பங்கு எலும்பு, அதன் மேல் கடதாசிபோல மெல்லிய தோல். அங்கே சுரப்பியும் இல்லை, குறும்பியும் உண்டாகாது. ஆக, செவிப்பறைக்குப் பக்கத்தில் குறும்பி இறுகிக் கிடந்தால் அநேகமாக யாரோ அதை உள்ளே தள்ளியிருக்கிறார்கள். யார் என்று நோயாளரிடம் கேட்டால் சிரிப்பார்.

குறும்பி தோலுக்கு நீர் ஊறாமல் காக்கும், தூசியையும் சின்னப் பூச்சியையும் பிடித்து வைக்கும், கொஞ்சம் அமிலத் தன்மையால் கிருமி வளர்ச்சியைத் தடுக்கும். வேலை முடிந்ததும் தானாக வெளியேறும். காதுத் தோலுக்கு உடம்பில் வேறெங்கும் இல்லாத ஒரு பழக்கம் உண்டு: அது நடக்கும். செவிப்பறையின் நடுவிலிருந்து புறப்பட்டு, கால்வாய் வழியாக வாசலை நோக்கி, ஏறக்குறைய நகம் வளரும் வேகத்தில் நகர்ந்துகொண்டே இருக்கும். செவிப்பறையில் மைப்புள்ளி வைத்து, அது நாளுக்கு நாள் வெளியே வருவதைப் பார்த்திருக்கிறார்கள். நாங்கள் சாப்பிடும்போதும் கதைக்கும்போதும் தாடை அசைந்து அதற்கு உதவும். இந்தச் சங்கத்தில் கதைப்பதற்குக் குறைவில்லாதபடியால் எங்கள் காதுகள் நன்றாகவே துப்புரவாக இருக்கவேண்டும்.

(ஓர் இடைச்செருகல். குறும்பியில் ஈரமானது, உலர்ந்தது என்று இரண்டு வகை. சீனா, கொரியா, ஜப்பான் பக்கம் பெரும்பாலானோருக்கு உலர்ந்தது. ஒரே ஒரு மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறுவதுதான் காரணம் என்று 2006இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டார்கள். அதே மரபணு அக்குள் மணத்தையும் தீர்மானிக்கிறது. உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் தங்கைமாருக்காகச் சொன்னேன்.)

நாங்கள் செய்வது என்ன? அந்த நகரும் பாதைக்கு எதிராகப் பஞ்சுக் குச்சியை விடுகிறோம். வெளிக் குச்சியில் கொஞ்சம் மஞ்சளாக வரும், மிச்சத்தை உள்ளே இடித்து வைப்போம். அந்தக் குச்சிப் பெட்டிகள் பலவற்றில் காதுத் துவாரத்துக்குள் விடவேண்டாம் என்று எழுதியே இருக்கும், சின்ன எழுத்து. குச்சி இல்லாத வீட்டில் ஈர்க்கு, கோழி இறகு, ஹெயார் பின், பேனா மூடி, மோட்டார் சைக்கிள் சாவி. எல்லாவற்றாலும் வந்த காயத்தைப் பார்த்திருக்கிறேன். குடையும்போது ஒரு சுகம் இருப்பது உண்மைதான், அங்கே நரம்புகள் அதிகம். சிலருக்குக் காது குடைந்தால் இருமல் வரும். கழுத்து வழியாக நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் போகிற அலையும் நரம்பின் ஒரு கிளை காதுக் கால்வாய்க்கும் வருவதுதான் அதற்குக் காரணம். சுகம் ஐந்து நிமிடம். அதற்குப் பிறகு தோல் உரிந்து இன்னும் கடிக்கும், இன்னும் குடையச் சொல்லும்.

காது அடைக்காமல், நோகாமல், கேட்கும் சக்தி குறையாமல் இருந்தால் உள்ளே ஒன்றும் செய்யவேண்டாம். முழுகிய பிறகு துவாயின் நுனியால் விரல் போகுமளவுக்குத் துடைத்தால் போதும். அடைத்திருந்தால், செவிப்பறையில் ஓட்டை இல்லை என்று தெரிந்தவர்கள், ஒலிவ் எண்ணெயோ மருந்துக் கடையில் கிடைக்கும் சோடா கலந்த துளி மருந்தோ சில நாள் விட்டு இளக்கலாம். இளகாவிட்டால் டொக்டர் உறிஞ்சி எடுப்பார், அல்லது உடல் வெப்பநிலையில் உள்ள நீரால் கழுவுவார். நீர் குளிர்ந்திருந்தால் உட்செவி குழம்பித் தலை சுற்றும். அதனால் வீட்டில் ஊசிக் குழாயால் பீச்சிப் பார்க்காதீர்கள். உள்ளி போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயைச் சூட்டோடு ஊற்றுவதையும் இந்த நூற்றாண்டோடு விட்டுவிடலாம். அம்மம்மாமார் அன்போடுதான் செய்தார்கள். ஆனால் வெந்துபோன செவிப்பறைக்கு அது தெரியாது.

சின்னப் பிள்ளைகள் காதுக்குள் போட்டுக்கொள்ளும் சாமான்களைப் பற்றி விரைவாகச் சொல்கிறேன். கடலை, பயறு, புளியங்கொட்டை என்றால் தண்ணீர் விடவேண்டாம், ஊறிப் பெருக்கும். மணி, முத்து என்றால் இடுக்கியால் பிடிக்கப் போகவேண்டாம், வழுக்கி உள்ளே போகும். உயிருள்ள பூச்சி போய்த் துடித்தால், செவிப்பறை நல்ல நிலையில் உள்ளவருக்கு, சூடில்லாத எண்ணெய் சில துளி விட்டால் அது அடங்கும், பிறகு எடுப்பிக்கலாம். ஆனால் விளையாட்டுச் சாமானிலும் கைக்கடிகாரத்திலும் இருக்கும் பொத்தான்போன்ற பற்றறி போய்விட்டது என்றால், அல்லது போயிருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால், ஒரு துளியும் விடாமல், விடியும்வரை காத்திராமல், உடனே வைத்தியசாலைக்கு. சில மணித்தியாலத்தில் தோலையும் எலும்பையும் அரித்துவிடும்.

எங்கள் பேச்சில் காதுக்குத்து என்பது சடங்குக்கும் பெயர், நோவுக்கும் பெயர். நோவைப் பற்றிச் சொன்னால்: கீரிமலைக் கேணியில் நீந்திவிட்டு வந்த இரண்டாம் நாள், அல்லது மெல்பேர்ணில் நீச்சல் வகுப்புக்குப் போகும் பிள்ளைக்கு, காது நொந்தால், செவிச்சோணையை மெதுவாக இழுத்தும் முன்மடலை அமுக்கியும் பாருங்கள். அதனால் நோ கூடினால் வருத்தம் பெரும்பாலும் புறச்செவியில். ஈரத்தில் ஊறிய தோலில் கிருமி பிடித்திருக்கும். காதில் விடும் மருந்தும், காதை நனையாமல் வைத்திருப்பதும்தான் சிகிச்சை. குளிக்கும்போது வாசலின் பூசிய பஞ்சை வாசலில் வைக்கலாம்.

சாதாரணமாக அது ஒரு கிழமையில் ஆறும். ஆனால் நான் இன்று இந்தத் தலைப்பைத் தெரிவுசெய்ததற்கு முதல் காரணம் இனிச் சொல்வதுதான். வயது போனவர், அதிலும் நீரிழிவு உள்ளவர், காதுக்குள் நோ என்று சொல்லி, அந்த நோ இரவில் நித்திரையைக் கெடுக்கும் அளவுக்கு இருந்தால், துளி மருந்து விட்டும் குறையாமல் இருந்தால், அதைச் சும்மா காதுக்குத்து என்று விடாதீர்கள். கால்வாய்த் தோலில் தொடங்கிய கிருமி எலும்புக்குள் இறங்கி, மண்டையோட்டின் அடிவரை பரவலாம். முகத்தின் ஒரு பக்கம் கோணலாம். உயிருக்கே ஆபத்து வரலாம். பல சமயம் தொடக்கம் ஒரு சின்னக் கீறல், அல்லது காது கழுவிய ஈரம். நேரத்தோடு கண்டால் பல வாரம் மருந்து கொடுத்துக் காப்பாற்றுகிறோம். பிந்தி வந்தவர்களின் கதை வேறு. எங்கள் வீடுகளில் நீரிழிவு இல்லாத வீடு எத்தனை? காலில் புண் வந்தால் பயப்பட எல்லோரும் பழகிவிட்டோம். காதுக்கும் அந்தப் பயம் கொஞ்சம் வேண்டும்.

இரண்டாவது காரணம், தாய்மாரின் தொலைபேசி. இங்கே தனியாக இருக்கும் அம்மாவோடு வெளிநாட்டுப் பிள்ளைகள் வட்ஸ்அப்பில் கதைக்கிறார்கள். அம்மா எல்லாவற்றுக்கும் ஓம், ஓம் என்கிறார். கேள்வி ஒன்று, மறுமொழி வேறு. கொஞ்ச நாளில் பிள்ளைகளுக்குள் கதை வரும், "அம்மாவுக்கு ஞாபகம் குறையுது போல." அப்படித்தான் ஓர் அம்மாவைப் பக்கத்து வீட்டுப் பெண் கிளினிக்குக்குக் கூட்டிவந்தார், மறதிக்கு மருந்து கேட்டு. இரண்டு காதும் கல்லாக இறுகிய குறும்பி. இளக்கி எடுக்க இரண்டு தடவை வரவேண்டியிருந்தது. எடுத்து முடிந்ததும் அவர் மேலே பார்த்து, "உந்தக் காத்தாடி ஏன் இப்பிடிச் சத்தம் போடுது?" என்று கேட்டார். பக்கத்து வீட்டுப் பெண் அழுதுவிட்டார்.

எல்லோருக்கும் இவ்வளவு இலகுவாக முடியாது. பலருக்குக் குறும்பியை எடுத்த பின்பும் உட்செவியின் தேய்வு மிஞ்சும். செவிப்புலன் பரிசோதனை செய்து, கேட்கும் கருவி கொடுக்கவேண்டி வரும். அந்தக் கருவியின் அச்சு புறச்செவியில்தான் உட்காரும். அது வெளியேறும் குறும்பிக்கு வழிமறிப்பதால், கருவி போடுபவர்கள் சில மாதத்துக்கு ஒருமுறை காதைக் காட்டவேண்டும். லாச்சிக்குள் கிடக்கும் கருவிகளில் கன, வேலை செய்யாமல் போனவை அல்ல, குறும்பி அடைத்தவை. கடலுக்கு அப்பால் இருக்கும் தோழியருக்கு என் வேண்டுகோள்: அடுத்த முறை அம்மாவுக்கு அனுப்பும் காசில், அவரை ஒருமுறை காது பார்க்கக் கூட்டிப்போவதற்கான ஓட்டோக் காசையும் சேர்த்து அனுப்புங்கள். இன்னொன்று, ஒரு காது ஒரே நாளில் திடீரென்று கேட்காமல் போனால் அது தடிமன் அடைப்பு என்று இருந்துவிடவேண்டாம். மருந்துக்குப் பலன் கிடைக்கிற காலம் சில நாட்கள்தான்.

வகுப்பறைக்கும் ஒரு வார்த்தை. ஒரு கன்னத்தில் பட்டென்று அறையும்போது கை காதில் பட்டால், கால்வாயில் இருக்கும் காற்றுக்குப் போக வழியில்லை, அது செவிப்பறையைக் கிழிக்கும். குண்டு வெடிப்பு செய்வதும் இதையேதான். பதுங்குகுழியில் முன்மடலை அமுக்கிக் காதைப் பொத்தியிருந்த பிள்ளைகள் நாங்கள். பொத்த நேரமில்லாமல் போனவர்களில் சிலர் இன்றைக்கும் ஓட்டைக் காதோடும் சீழோடும் இருக்கிறார்கள், ஒருமுறைகூடக் காட்டாமல். அதை மூட இப்போது வழி உண்டு. ஆசிரியைகளாக இருக்கும் தங்கைமாரே, கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை உங்கள் வகுப்பில் இருந்தால் முதலில் காதைப் பார்க்க அனுப்புங்கள்.

பிறப்பிலேயே செவிச்சோணை சிறுத்தோ இல்லாமலோ இருக்கும் பிள்ளைகளும் உண்டு. கருவின் ஆறாம் வாரமளவில் ஆறு சின்ன மேடுகள் தோன்றி அவை ஒன்றுசேர்ந்துதான் இந்த மடல் உருவாகிறது; சிலவேளை அது நிறைவாக நடப்பதில்லை. கிரகணத்தில் தாய் வெளியே வந்ததற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அந்தத் தாயைக் குற்றம் சொல்வதை நிறுத்திவிட்டுப் பிள்ளையின் கேட்கும் சக்தியை முதல் மாதங்களிலேயே பரிசோதிக்கவேண்டும். பல பிள்ளைகளுக்கு உட்செவி நல்ல நிலையில் இருக்கும். எலும்பு வழியாக ஒலியைக் கொடுக்கும் கருவிகள் இருக்கின்றன. மடலை அமைக்கும் சத்திரசிகிச்சை பிறகு, பிள்ளை வளர்ந்தபின்.

எனக்குத் தந்த அரை மணித்தியாலம் முடிந்துவிட்டது என்று செயலாளர் அக்கா மணிக்கூட்டைக் காட்டுகிறார். காது பார்க்கும் கருவி இரண்டு கொண்டுவந்திருக்கிறேன். தேநீர் இடைவேளையில் நூலக வாசலில் மேசை போட்டு இருப்பேன். நீரிழிவு உள்ளவர்களும், ஒரு காது மந்தம் என்று நினைப்பவர்களும் முதலில் வாருங்கள். ஒருவர் மற்றவரின் செவிப்பறையைப் பார்க்க விரும்பும் உயர்தர மாணவியரும் வரலாம். தோட்டைக் கழற்றத் தேவையில்லை.